முயலும் கினிப்பன்றியும் ஒரே கூட்டில் வேண்டாம்

இடம் மிச்சம் என்று முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூட்டில் விடாதீர்கள். துணை வேண்டுமென்றால் முயலுக்கு இன்னொரு முயல், கினிப்பன்றிக்கு இன்னொரு கினிப்பன்றி. வெள்ளவத்தை பிளாட் பால்கனியில் இரண்டு கூடு வைப்பது சிரமம்தான், ஆனால் மிருக வைத்தியரின் பில்லைவிட இரண்டாவது கூடு மலிவு.

முயல் விளையாட்டுக்கு ஒரு உதை விட்டாலே கினிப்பன்றியின் எலும்பு முறியலாம். அதைவிட மோசம் போர்டெடெல்லா என்ற கிருமி: முயல் அதைச் சுமந்துகொண்டு நன்றாகவே திரியும், கினிப்பன்றிக்கோ நிமோனியாவாகி உயிரையே எடுக்கும். காற்றிலும் கையிலும் பரவுவதால் நடுவில் வலை அடித்துப் பிரிப்பது போதாது. கூடுகளைத் தள்ளி வைத்து, முதலில் கினிப்பன்றிக்குத் தீனி போட்டுவிட்டு முயலிடம் போங்கள்; திரும்புவதென்றால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

தீனியும் ஒன்றல்ல. கினிப்புல் இரண்டுக்கும் பொது. ஆனால் விட்டமின் சி-யை முயலின் உடலே தயாரிக்கும், கினிப்பன்றியின் உடலால் முடியாது. கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் தேவை. ஒரு துண்டு குடைமிளகாய் அதைக் கொடுத்துவிடும். முயலுக்கான பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீனி) மட்டும் தின்றால் கினிப்பன்றி மூட்டு வீங்கி நடக்காமல் கிடக்கும்.

ஏற்கெனவே பல வருடம் ஒன்றாக, சண்டையில்லாமல் வாழ்பவற்றைத் திடீரென்று பிரிக்க வேண்டாம். கினிப்பன்றி மட்டும் நுழையும்படி 10 சென்டிமீட்டர் உயர வாசலோடு ஒரு பெட்டியை உள்ளே வைத்து, முயலுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள்.