தீயணைப்பு உடையில் கரி காயவே கூடாது

கரி படிந்த மேலங்கியைத் தீயணைப்பு வீரரின் அனுபவத்துக்கு அடையாளமாகப் பலர் பெருமையோடு பார்க்கிறார்கள். அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அந்தக் கரியில் புற்றுநோயை உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. தீயணைப்புப் பணியில் ஏற்படும் பாதிப்பையே 2022-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவற்றுக்கான முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

ஆகவே தீ அணைந்ததும், மூச்சுக் கருவியின் முகமூடியைக் கழற்றும் முன்பே, மேலங்கியையும் கால்சட்டையையும் நீரால் நனைத்து, மென்மையான சோப்புக் கரைசலும் பிரஷும் கொண்டு தேய்த்து அலசிவிடுங்கள். காய்ந்து இறுகிய கரி எளிதில் போகாது. பிறகு உறையில் போட்டுக் கட்டி, வண்டியில் ஆட்கள் உட்காராத இடத்தில் வையுங்கள். வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளின் துணியோடு அது சேரவே கூடாது.

நிலையத்தில் துவைக்கும்போது வெளி அடுக்கையும் உள் அடுக்கையும் பிரித்துவிடுங்கள். தண்ணீரின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், உடையில் உள்ள, வெப்பம் தாங்கும் அராமிட் இழையின் வலுவை அது கெடுத்துவிடும். வெயிலும் அப்படித்தான், நிழலில், காற்றோட்டத்தில் முழுமையாக உலர்த்துங்கள். ஈரமான உடையோடு தீக்குள் போனால் உள்ளே ஆவி கிளம்பித் தோல் வெந்துபோகலாம்.

ஒரே உடையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய முடியாது. ஆளுக்கு இரண்டு செட் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை, கேட்கத் தயங்காதீர்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்எஃப்பிஏ) தரநிலைப்படி, 10 ஆண்டு கடந்த உடையை, புதிதுபோல் இருந்தாலும், விலக்கிவிட வேண்டும்.