ஓவர்டோஸிலிருந்து பிழைத்தவருக்குத் துணையாகப் போகிறீர்களா?

நீங்களும் ஒரு காலத்தில் ஓபியாய்டு (ஹெராயின், மார்பின் போன்றவை) பழக்கத்தில் இருந்து மீண்டவர், இப்போது அதை அளவுக்கு மீறி எடுத்து, பிழைத்து வந்த இன்னொருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அவரைத் திருத்திவிடும் ஆசையை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். உங்களை இன்னொரு தடவை பார்க்க அவர் சம்மதித்தாலே முதல் நாளுக்குப் போதும்.

ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கும் மருந்தான நாலோக்சோன் கொடுத்து எழுப்பப்பட்டவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். பழக்கப்பட்ட உடம்பில் அந்த மருந்து ஓபியாய்டின் வேலையைச் சட்டென்று நிறுத்திவிடுவதால் வியர்வை, வாந்தி, நடுக்கம், எரிச்சல் எல்லாம் ஒன்றாக வரும், உங்களைத் திட்டினாலும் திட்டுவார். சரி, திட்டட்டும். போர்வை வேண்டுமா என்று கேளுங்கள், "எனக்கும் இது நடந்திருக்கிறது, கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்று கேளுங்கள். உங்கள் கதையை இரண்டு வரியில் நிறுத்திக்கொள்ளுங்கள் (நம்மில் பலருக்கு இதுதான் கஷ்டம்). கிளம்பும்போது நாளைக்குக் கூப்பிடலாமா என்று கேட்டு, சரி என்றால் கட்டாயம் கூப்பிடுங்கள்.

உடனே வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தால் காரணத்தை நேராகச் சொல்லுங்கள்: நாலோக்சோன் வேலை செய்வது சுமார் 30 முதல் 90 நிமிடம்தான், உள்ளே போன ஓபியாய்டு அதற்குமேலும் நின்றால் மூச்சு மறுபடி மந்தமாகும், உடம்புவலி தாங்காமல் இன்னொரு டோஸ் எடுத்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

சில நாள் நிறுத்தியிருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும் என்பதையும், பழைய அளவே இப்போது உயிரை எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். மறுபடி எடுக்க நேர்ந்தால் தனியாக இருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இதெல்லாம் போதைக்கு அனுமதி கொடுப்பது போல ஆகாதா என்று வீட்டார் கேட்பார்கள். செத்துப்போனவர் எப்படி மீளுவார்?

மயங்கிக் கிடப்பவர் தனக்குத்தானே நாலோக்சோன் மூக்கு ஸ்ப்ரே போட்டுக்கொள்ள முடியாது, அதனால் அதைப் போடும் விதத்தைக் கூட இருப்பவருக்குத்தான் முதலில் காட்ட வேண்டும். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, ஸ்ப்ரேயின் முனையை ஒரு மூக்குத் துவாரத்தில் முழுக்க வைத்து, ஒரே அழுத்து. சோதித்துப் பார்க்கிறேன் என்று முன்னாடியே அழுத்திவிடக் கூடாது, அதில் இருப்பது ஒரே டோஸ். போட்ட கையோடு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், மூச்சு திரும்பாவிட்டால் 2-3 நிமிடத்தில் அடுத்த ஸ்ப்ரே.

ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் புப்ரெனார்பின், மெத்தடோன் மருந்துகளைப் பற்றி அவர் கேட்டால் "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இவை சாகும் அபாயத்தை நன்றாகவே குறைக்கின்றன. நீங்கள் மருந்தில்லாமல் மீண்டிருந்தால் அது உங்கள் வழி, அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் பக்கம். அந்த அறையின் வாசனையே பழைய ஆசையைக் கிளப்பிவிடும், வெளியே வந்ததும் உங்களுக்குத் துணையாக இருப்பவரிடம் பேசிவிடுங்கள், மனசு சரியில்லாத நாளில் உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்புங்கள்.