மனசில் பட்டதை நம்புவதா வேண்டாமா: தயங்கி நிற்கும் நேரத்தில் செய்ய வேண்டியவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து 10 கிலோ சரக்கு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் ஒரு மாதம் கழித்து. கணக்குப் போட்டால் நல்ல லாபம். ஆனாலும் பட்டறைக்காரருக்கு ஏதோ நெருடுகிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கூடவே இன்னொரு குரலும் கேட்கிறது: 'எப்பவும் இப்படித்தான் பயந்து பயந்து வர்ற வாய்ப்பைத் தள்ளிவிடறேன், எனக்கு யாவாரம் பண்ணவே தெரியல.'

இரண்டுமே மனசுக்குள்ளிருந்துதான் வருகின்றன. ஒன்று அனுபவம் தரும் எச்சரிக்கை. மற்றொன்று தன்மேல் இருக்கும் சந்தேகம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அரை மணி நேரம், ஒரு பேனா, ஒரு தாள் இருந்தால் போதும்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள்

நெஞ்சு படபடப்பதை 'உள்மனசு வேண்டாம் என்கிறது' என்று எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. படபடப்புக்குப் பசி காரணமாக இருக்கலாம், தூக்கக் குறைவு காரணமாக இருக்கலாம், காபியும் காரணமாக இருக்கலாம். காபி குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கஃபீன் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். அதில் பாதி கழியவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஏற்காட்டுக் காபியை ஸ்ட்ராங்காக இரண்டு டம்ளர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் சாதாரணக் காகிதம்கூட ஆபத்தாகத் தெரியும்.

அதனால் ஏதாவது சாப்பிடுங்கள். பிறகு 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். இதை 3 நிமிடம் செய்யுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூச்சு வெளியே போகும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது. படபடப்பு அடங்கிய பிறகும் நெருடல் அப்படியே இருந்தால், அதை விசாரிக்க வேண்டியதுதான். படபடப்போடு சேர்ந்து அதுவும் போய்விட்டால், அது உடம்பின் களைப்பு. ராத்திரி 11 மணிக்குத் தோன்றும் எதையும் காலையில் ஒருமுறை பார்க்காமல் முடிவாக்க வேண்டாம்.

எதைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள்

மனசில் ஓடுவதை ஓடுகிறபடியே தாளில் எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். ஏழெட்டு வரி வந்ததும், ஒவ்வொரு வரியும் யாரைப் பற்றி என்று பாருங்கள். 'எனக்கு எங்க தெரியப்போகுது', 'நான் எடுத்த எதுதான் உருப்பட்டிருக்கு', 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பவை எல்லாம் உங்களைப் பற்றிய வரிகள். எதிரே இருக்கும் விஷயத்தைப் பற்றி அவற்றில் ஒரு சேதியும் இல்லை. அவற்றை அடித்துவிடுங்கள்.

'இந்த ஆள் கூலியில் பேரமே பேசலை' என்பது விஷயத்தைப் பற்றிய வரி. இதை வட்டம் போட்டு வையுங்கள். கொலுசு வாங்க வருகிறவர் டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்று கேட்பார், கூலியைக் குறைக்கச் சொல்வார், எடையைச் சரிபார்ப்பார். பணம் கொடுக்க நினைப்பவருக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம். இவரோ எதையும் கேட்காமல் 'சரக்கு எப்ப அனுப்புவீங்க' என்று மட்டும் கேட்டிருக்கிறார். பட்டறைக்காரருக்கு நெருடியது இதுதான். பல வருடம் வியாபாரிகளோடு மல்லுக்கட்டிய மனசு, வழக்கத்தில் ஒன்று குறைவதை வார்த்தை கிடைக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டது.

தன்சந்தேகம் பேசப் பேசக் கிளை விடும். ஒரு காரணம் பத்தாகும். உள்ளுணர்வு பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த அனுபவமுள்ள செவிலியர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் விசாரித்தபோது கண்டது இது. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, 'இந்தக் குழந்தைக்குத் தொற்று' என்று அவர்களுக்குப் பட்டுவிடுகிறது. எப்படி என்று கேட்டால் முதலில் 'தெரியலை, அப்படித் தோணுச்சு' என்பார்கள். குறிப்பிட்ட ஒரு குழந்தையை நினைவுபடுத்தி, தோலின் நிறம் எப்படி இருந்தது, அசைவு எப்படி இருந்தது என்று பொறுமையாகக் கேட்கக் கேட்க, அடையாளங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உங்களையும் நீங்கள் இப்படித்தான் கேட்க வேண்டும். 'ஏன் இப்படித் தோணுது?' என்று கேட்டால் பதில் வராது. 'எந்த நிமிஷத்துல தோணுச்சு? அப்ப என்ன பார்த்தேன், என்ன கேட்டேன்?' என்று கேளுங்கள்.

எந்த விஷயத்தில் நம்பலாம்

உள்ளுணர்வின் மேல் சந்தேகம் கொண்டவர் உளவியலாளர் டேனியல் கானமன். அதை மதித்தவர் இன்னொரு உளவியலாளர் கேரி க்ளைன். தீயணைப்புத் தலைவர்கள் நொடியில் முடிவெடுப்பதை ஆராய்ந்தவர். இருவரும் பல ஆண்டுகள் விவாதித்து, 2009-இல் ஒரு கட்டுரையைச் சேர்ந்தே எழுதினார்கள். அதில் அவர்கள் ஒத்துப்போன இடம் இது: அந்தத் துறையில் ஒழுங்கு இருக்க வேண்டும், அதாவது இன்ன அடையாளம் தெரிந்தால் இன்னது நடக்கும் என்ற தொடர்பு இருக்க வேண்டும். நீங்கள் அதில் போதுமான அளவு பழகியிருக்க வேண்டும். சரியா தப்பா என்ற பதில் உங்களுக்குச் சீக்கிரம் கிடைத்திருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது கணக்கில் வராது. உறுதி தப்பான விஷயத்திலும் பலமாகவே வரும்.

சேர்வராயன் மலையில் காபி காயவைக்கும் களத்தைப் பாருங்கள். பார்ச்மென்ட் காபியை (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு இருக்கும் கொட்டையை) களத்தில் பரப்பிக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கி ஓசையைக் கேட்பார்கள், ஒரு கொட்டையைத் தோல் உரித்துப் பல்லில் கடிப்பார்கள். பல் பதிந்தால் ஈரம். ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வந்ததும் வாரிக்கட்ட வேண்டும். முன்னாலேயே கட்டினால் மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். தாண்டிவிட்டால் எடை போகும், கொட்டை நொறுங்கும். இதில் பல வருடம் பழகிய ஒருவர் 'இன்னும் ஒரு வெயில் வேணும்' என்றால் அதை நம்பலாம். அவருடைய ஊகத்துக்கு ஈரமானி உடனுக்குடன் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. அதே ஆள் 'அடுத்த வருஷம் காபி விலை ஏறும், மனசு சொல்லுது' என்றால் நம்புவதற்கு ஆதாரம் இல்லை. பிரேசிலில் உறைபனி விழுந்தால் மாறுகிற விலையை ஏற்காட்டுக் களத்தில் நின்று யாரும் உணர முடியாது.

ஆகவே சமையல், வண்டி ஓட்டுவது, உங்கள் கைத்தொழில், தினமும் பார்க்கும் வாடிக்கையாளர், உங்கள் குழந்தையின் முகவாட்டம் ஆகியவற்றில் உங்கள் மனசுக்குப் படுவது பெரும்பாலும் ஆதாரமுள்ளது. பங்குச் சந்தை, நிலத்தின் எதிர்கால விலை, மாதம் 10 சதவீதம் வட்டி தருகிறேன் என்பவரின் முகம், அரை மணி நேரப் பெண் பார்க்கும் படலம் ஆகியவற்றில் அது வெறும் விருப்பமாக இருக்கலாம். புது ஆளைப் பார்த்து 'நல்லவராத் தெரியுது' என்று தோன்றினால் அதற்கு மதிப்பு குறைவு. நல்லவராகத் தெரிவதற்கென்றே பழகியவர்கள் இருக்கிறார்கள். 'ஏதோ சரியில்லை' என்று தோன்றினால், அதை விசாரித்தே தீர வேண்டும்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். 'முதலில் தோன்றிய விடைதான் சரி, மாற்றாதே' என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்கிறோம். 2005-இல் வெளிவந்த ஆய்வில், இலினாய் பல்கலைக்கழக மாணவர்களின் விடைத்தாளில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். மாற்றியதில் பாதி அளவு தப்பிலிருந்து சரிக்குப் போயிருந்தது. சரியிலிருந்து தப்புக்குப் போனது ஏறக்குறைய கால்பங்குதான். சரியை மாற்றிக் கெடுத்த வலி நினைவில் நிற்பதால்தான் அந்த அறிவுரை வாழ்கிறது. கேள்வியில் விட்டுப்போன ஒரு சொல் இரண்டாவது வாசிப்பில் கண்ணில் பட்டால் மாற்றுங்கள். வெறும் பயத்தில் மட்டும் மாற்றாதீர்கள்.

பிறரிடம் கேட்கும் வரிசை

தயங்கும்போது உடனே போனை எடுத்து நாலு பேரைக் கேட்கிறோம். நாலு பேர் நாலு விதமாகச் சொல்ல, முதலில் தோன்றியது என்னவென்றே மறந்துபோகிறது. கேட்பது தப்பில்லை, வரிசைதான் தப்பு. முதலில் உங்கள் எண்ணத்தையும், அது சரியாக இருக்க 100-க்கு எத்தனை வாய்ப்பு என்பதையும் தாளில் எழுதி மடித்து வையுங்கள். பிறகு ஒருவர், மிஞ்சினால் இருவர். அதுவும் அந்த வேலையைச் செய்து தழும்பேறியவர்களாக இருக்கட்டும். 'நான் என்ன பண்ணட்டும்' என்று கேட்டால் அவர்கள் தங்கள் பயத்தைச் சொல்வார்கள். 'ஏனுங்கண்ணா, நீங்களா இருந்தா இதுல மொதல்ல எதைப் பார்ப்பீங்க?' என்று கேளுங்கள். அப்போது தொழில் நுணுக்கம் கிடைக்கும், முடிவு உங்களிடமே இருக்கும்.

சிவப்பும் வெள்ளையுமாகப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. நம்பிக்கையோடு செய்பவர்கள் செய்யட்டும். பொட்டலம் பிரிந்து நிறம் தெரியும் அந்த நொடியில் மனசு 'அப்பாடா' என்கிறதா, 'இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமா' என்கிறதா என்று கவனியுங்கள். எதை விரும்புகிறோம் என்பது அங்கே தெரிந்துவிடும். விருப்பம் தெரிந்தாலும் அது சரியாக நடக்கும் என்று ஆகாது. அதற்கு அடுத்தது தேவை.

சிறிதாகச் செய்து பார்ப்பது

முழுதாக நம்புவது, முழுதாகத் தள்ளுவது என்று இரண்டே வழிதான் என நினைப்பதால்தான் தயக்கம் கழுத்தை நெரிக்கிறது. 10 கிலோ கேட்டவருக்கு, பாதிப் பணம் முன்பணமாகப் பெற்றுக்கொண்டு 1 கிலோ கொடுத்துப் பார்க்கலாம். போனால் தாங்கக்கூடிய அளவு எதுவோ அதுவே சோதனையின் அளவு. அவர் அதற்கு எரிச்சல்பட்டால் அதுவும் ஒரு பதில்.

சிறிதாகச் செய்ய முடியாத முடிவாக இருந்தால் (வீடு வாங்குவது, வேலையை விடுவது), க்ளைன் 2007-இல் எழுதிய ஒரு முறை உதவும். ஒரு வருடம் ஓடிவிட்டது, முடிவு படுதோல்வி என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று 5 நிமிடம் எழுதுங்கள். 'தோற்குமா?' என்று கேட்டால் மனசு மழுப்பும். 'தோற்றுவிட்டது, ஏன்?' என்று கேட்டால் குறிப்பான காரணங்கள் வரும். அவற்றில் விசாரித்தால் தெரியக்கூடியது எது என்று பார்த்து, அதை மட்டும் விசாரித்துவிட்டு, ஒரு தேதி குறித்து முடிவெடுங்கள். தேதி இல்லாத யோசனை தயக்கத்துக்குத் தீனி.

ஆபத்து என்று மனசு சொல்லும் இடத்தில் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ ஒன்றில் மூடுபனி இறங்கி, 'இதுக்கு மேல போக வேணாம்' என்று பட்டால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி விளக்கைப் போட்டு நில்லுங்கள். நின்றால் போவது அரை மணி நேரம். ராத்திரியில் ஏறிய ஆட்டோ, தனியே கூப்பிடும் மேலதிகாரி, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று தயங்கித்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்; இறங்கிப் போய்விடுங்கள்.

நோட்டு

தன்மேல் நம்பிக்கை வா என்றால் வராது, கணக்கு வைத்தால் வரும். ஒரு 40 பக்க நோட்டில் தேதி, முடிவு, மனசு சொன்னது, 100-க்கு எத்தனை உறுதி, எந்த அடையாளத்தால், கடைசியில் நடந்தது என்று ஆறு கட்டம் போடுங்கள். சின்ன விஷயங்களில் தொடங்குங்கள்: கொலுசைத் தராசில் வைக்கும் முன் எடையைச் சொல்வது, ஈரமானியைப் பார்க்கும் முன் சதவீதத்தைச் சொல்வது, இன்றைக்கு எத்தனை இட்லி விற்கும் என்று மாவு கரைக்கும் முன் எழுதுவது. நடப்பதற்கு முன்பே எழுதியாக வேண்டும். நடந்த பிறகு 'அப்பவே நினைச்சேன்' என்று எல்லாருக்கும் தோன்றும்.

20, 30 வரி சேர்ந்ததும் எண்ணுங்கள். 80 என்று போட்டதில் பாதிதான் பலித்திருந்தால் அந்தத் துறையில் நிதானம் தேவை. 50 என்று பயந்து போட்டதில் முக்கால்வாசி பலித்திருந்தால், உங்கள் சந்தேகம் உங்களைக் குறைத்து மதிப்பிடுகிறது. அடுத்த முறை அதே மாதிரி விஷயத்தில் 70 என்று போடுங்கள். துறை துறையாகத் தனித்தனியே எண்ண வேண்டும். வியாபாரத்தில் கூர்மையான ஒருவர் ஆள் எடுப்பதில் தொடர்ந்து ஏமாறலாம்.

இத்தனை செய்தும், கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை திரும்பிப் பார்ப்பது, சின்ன முடிவுக்கும் தூக்கம் போவது, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டாமல் இருப்பது என்று தொடர்ந்தால், அதை நோட்டால் தீர்க்க முடியாது. உடன் இருக்கும் ஒருவர் 'உனக்கு எல்லாம் பிரமை' என்று சொல்லிச் சொல்லியே உங்கள் கண்ணை நீங்களே நம்பாத நிலைக்கு வந்திருந்தாலும் வெளியாள் உதவி வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.