கேம் இசையில் கீ மாற்றம்: 16 பாரில் போய்த் திரும்பும் ஒரு லூப்

சினிமாப் பாட்டில் கடைசிச் சரணம் வந்ததும் மொத்தப் பாட்டின் கீயையும், அதாவது ஆதார சுருதியையும், ஒரு கட்டை ஏற்றிவிடுவது பழைய உத்தி. கேட்பவருக்குப் புதுத் தெம்பு கிடைக்கும், பாட்டும் அதோடு முடிந்துவிடும். கேமில் இது செல்லாது. லூப், அதாவது முடிந்ததும் தொடக்கத்துக்கே போய்த் திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டு, மறுபடி முதல் பாருக்கு வரும்போது, ஏற்றிய கட்டை தொப்பென்று கீழே விழும். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு), பாருக்கு நாலு தட்டு வீதம் 16 பார் என்றால் 32 விநாடி. ஆடுபவர் ஒரே கிராமத்தில் பத்து நிமிடம் சுற்றினால் அந்த விழுகையை 18 தடவை கேட்பார். அதனால் கேமுக்குக் கீ மாற்றம் எழுதும்போது திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேஜர், மைனர் கார்டுகளைக் கீபோர்டில் பிடிக்கத் தெரிந்தால் போதும். ரீப்பர், எல்எம்எம்எஸ் என்று கையில் இருக்கும் எந்த மென்பொருளிலும் இதைச் செய்யலாம். எல்எம்எம்எஸ் இலவசம்.

படி 1: மூன்று குரல் மட்டும்

120 பிபிஎம், 4/4, 16 பார். ஒரு பேஸ் டிராக், மேலே இரண்டு டிராக். ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். 1985-இல் சூப்பர் மரியோ பிரதர்ஸுக்குக் கோஜி கோண்டோ இசையமைத்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவியின் சிப்பில் ஸ்வரம் வாசிக்க முக்கியமாக இருந்தவை இரண்டு பல்ஸ் சேனலும் ஒரு டிரையாங்கிள் சேனலும்தான். அந்த வறுமையை நாமே வரவழைத்துக்கொள்வது நல்லது. மூன்று குரலில் இடறும் ஹார்மனியைப் பிறகு ஸ்ட்ரிங்ஸ் போட்டு மூட முடியாது.

படி 2: கார்டுகளை இடுங்கள்

பாருக்கு ஒரு கார்டு (பெயரில் 7 இருந்தால், மேஜர் கார்டோடு ஏழாம் ஸ்வரத்தை அரை ஸ்வரம் இறக்கிச் சேர்த்தது):

பார் 1–4: சி, ஏ மைனர், எஃப், ஜி
பார் 5–8: சி, எஃப், எஃப் மைனர், பி ஃபிளாட் 7
பார் 9–12: இ ஃபிளாட், சி மைனர், ஏ ஃபிளாட், பி ஃபிளாட்
பார் 13–16: இ ஃபிளாட், சி மைனர், ஏ ஃபிளாட், ஜி 7

ஒரு கட்டையில் (சி) தொடங்கி, பாதியில் இரண்டரைக் கட்டைக்கு (இ ஃபிளாட்) போய், கடைசி பாரில் வீடு திரும்புகிறோம். ஏன் இ ஃபிளாட்? சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போனால் ஒரே ஒரு ஸ்வரம்தான் மாறும். வாள் சத்தம், காலடிச் சத்தத்துக்கு நடுவே அது யார் காதிலும் விழாது. எஃப் ஷார்ப்புக்குப் போனால் அதிர்ச்சி கிடைக்கும், ஆனால் திரும்பி வர நாலு பார் செலவாகும். இ ஃபிளாட்டில் மூன்று ஸ்வரங்கள் மாறுகின்றன: இ, ஏ, பி மூன்றும் அரை ஸ்வரம் இறங்குகின்றன. வெளிச்சம் மாறியது தெரியும், ஊர் மாறாது.

தொடங்குபவர்கள் பலர் சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போய்விட்டுக் கீ மாற்றிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது கிரக பேதம் என்று உடனே புரியும்: சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாக வைத்தால் நடபைரவி. ஆதாரம் நகர்ந்ததே தவிர, ஸ்வரங்கள் அதே ஏழுதான். கேட்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

படி 3: போகும் பாலம், பார் 6 முதல் 9 வரை

பார் 6-இல் பேஸ் எஃப், மேலே ஏ, சி. பார் 7-இல் ஏ மட்டும் ஏ ஃபிளாட்டுக்கு இறங்கட்டும், மற்ற இரண்டும் அசையக் கூடாது. இந்த எஃப் மைனர் சி மேஜருக்கு விருந்தாளி, இ ஃபிளாட்டுக்கோ வீட்டுப் பிள்ளை. இரண்டு பக்கமும் உறவுள்ள இப்படிப்பட்ட கார்டைத்தான் பிவட் என்கிறார்கள். பார் 8-இல் பேஸ் பி ஃபிளாட்டுக்குப் போகும், ஏ ஃபிளாட் அப்படியே நிற்கும், சி ஒரு படி ஏறி டி ஆகும். பார் 9-இல் பேஸ் இ ஃபிளாட், ஏ ஃபிளாட் இறங்கி ஜி, டி ஏறி இ ஃபிளாட். மேல் குரலை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள்: சி, சி, டி, இ ஃபிளாட். பாடக்கூடிய வரியாக இருக்கிறது அல்லவா? பாட வராத வரியாக இருந்தால் பாலத்தில் எங்கோ ஓட்டை.

படி 4: திரும்பும் பாலம், பார் 15, 16, மறுபடி 1

அதிகம் சொதப்புவது இங்கேதான். பார் 15-இல் ஏ ஃபிளாட், சி, இ ஃபிளாட். கை பழக்கத்தில் மூன்று விரலையும் அப்படியே அரை ஸ்வரம் நகர்த்தினால் ஜி, பி, டி வரும். மூன்று குரலும் ஒரே திசையில் வழுக்குவதால் தனித்தனிக் குரலாகக் கேட்காது. கேஸட்டின் வேகம் குறைந்தது போல இருக்கும். இப்படிச் செய்யுங்கள்:

பேஸ்: ஏ ஃபிளாட் → ஜி → சி
நடுக் குரல்: சி → பி → சி
மேல் குரல்: இ ஃபிளாட் → எஃப் → இ

மேல் குரல் எதிர்த் திசையில் ஏறுவதுதான் சூட்சுமம். ஜி 7-இல் டி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்; பி, எஃப் இரண்டும் இருந்தால் அந்தக் கார்டின் இழுப்பு வந்துவிடும். மூன்று பிரதிகளை அடுத்தடுத்து ஒட்டி, பார் 15-இலிருந்து 18 வரை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். தையல் தெரிந்தால் இங்கேதான் தெரியும்.

ஏ ஃபிளாட், பி ஃபிளாட், சி என்று ஏறியும் வீடு திரும்பலாம். மரியோ கொடிக்கம்பத்தைத் தொட்டதும் ஒலிக்கும் வெற்றி இசை இந்த ஏற்றத்தில்தான் முடிகிறது. லெவல் முடிவுக்கு அருமையான வழி. 32 விநாடிக்கு ஒரு தடவை கிராமத்தில் வெற்றி முழங்கினால் கேலியாகிவிடும்.

படி 5: மெலடி, டிரம்ஸ்

முதல் எட்டு பாரின் மெலடியை அப்படியே காப்பி செய்து 3 அரை ஸ்வரம் ஏற்றாதீர்கள். பார் 5-லிருந்து கார்டு வரிசை வேறு, ஒட்டாது. முதல் நாலு பாரை ஏற்றலாம். டிரம்ஸ் டிராக் சேர்த்திருந்தால் அதைத் தேர்விலிருந்து விலக்கிவிடுங்கள். ஜெனரல் மிடி என்ற பொது எண் வரிசையில் கிக் டிரம்மின் எண் 36, அதோடு 3 கூட்டினால் 39, அதாவது கைதட்டல். ஸ்னேர் 38 தரை டாம் ஆகிவிடும். திடீரென்று பஜனை கேட்டால் காரணம் இதுதான்.

படி 6: சண்டை வந்தால்

ஆடுபவர் எந்த பாரில் எதிரியிடம் மாட்டுவார் என்று நமக்குத் தெரியாது. சண்டை இசையை சி மைனரில் எழுதுங்கள். சி மேஜருக்கு அது அதே ஆதாரம், இ ஃபிளாட் மேஜருக்கு அதே ஸ்வரங்கள். எந்தப் பாதியிலிருந்து வந்தாலும் பக்கத்து வீடு. நடுவே ஒரு பார் ஜி 7 பாலம் வையுங்கள், மேலே உள்ள 16 பாரில் எதிலிருந்தும் அது பொருந்தும். 1991-இல் வந்த மங்கி ஐலண்ட் 2 கேமுக்காக லூகாஸ்ஆர்ட்ஸில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் என்ற இசை மென்பொருள் இப்படிப்பட்ட தாவல்களை இசையின் ஓட்டம் கெடாமல் செய்வதற்கென்றே பிறந்தது. இன்று எஃப்மாட், வைஸ் என்ற கேம் ஒலி மென்பொருள்கள் இரண்டிலும் 'அடுத்த பாரில் மாறு' என்று அமைக்கலாம்.

அடுத்த பாருக்குக் காத்திருப்பு அதிகபட்சம் 2 விநாடி, பாலத்துக்கு 2 விநாடி. பதுங்கித் தாக்கும் எதிரிக்கு 4 விநாடி ரொம்பத் தாமதம். அந்த இடைவெளியை நிரப்ப, ஸ்வரமில்லாத ஒரு டிரம் அடியை உடனே ஒலிக்க விடுங்கள்.

காசு எடுக்கும் சத்தத்தைப் பெரும்பாலானவர்கள் சி, இ, ஜி என்று வைத்துவிடுகிறார்கள். பார் 9-க்குப் பிறகு அந்த இ, இ ஃபிளாட்டோடு மோதிப் பிசிறடிக்கும். இரண்டு கீக்கும் பொதுவானவை சி, டி, எஃப், ஜி நான்குதான். ஜி-யிலிருந்து சி-க்குத் தாவும் சத்தம் போதும்.

படி 7: வெட்டி எடுப்பது

லூப்பை இரண்டு தடவை வாசிக்க விட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டுங்கள். முதல் சுற்றின் ரிவெர்ப் வால் இரண்டாவதின் தலையில் சேர்ந்திருக்கும், அதனால் ஜி 7-இன் எதிரொலி நடுவில் அறுபடாது. 48,000 ஹெர்ட்ஸில் 32 விநாடி என்றால் சரியாக 15,36,000 சாம்பிள். கோப்பின் நீளம் இதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சேமிப்பது வேவ் அல்லது ஓக் வடிவில். எம்பி3 வேண்டாம்: என்கோடர் தொடக்கத்திலும் முடிவிலும் சேர்க்கும் துளி மௌனம், பார் 16-க்கும் 1-க்கும் நடுவே விக்கலாகக் கேட்கும்.