முகப்பு வருது, உள்ளே எல்லாம் 404: அப்பாச்சியிடம் காரணம் கேட்பது எப்படி?

"அண்ணே, சைட்டோட முகப்பு நல்லா வருது. உள்ளே எதைத் தொட்டாலும் 404 அடிக்குது."

"லாக் என்ன சொல்லுது?"

"எந்த லாக்ணே?"

மாதத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு இப்படி ஒரு போன் வரும். கூப்பிடுவதற்கு முன்பே தம்பி மூன்று காரியங்களை முடித்திருப்பார். சர்வரை நாலைந்து முறை ரீஸ்டார்ட் செய்திருப்பார். எங்கோ கிடைத்த பத்து வரியை கான்ஃபிக் ஃபைலில் ஒட்டியிருப்பார். ஃபோல்டர் முழுவதற்கும் 777 பர்மிஷன் (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) கொடுத்திருப்பார். 404, அதாவது 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற பதில், மட்டும் அசையாமல் நிற்கும். முதலில் கெட்டிருந்தது எது, இவர் கெடுத்தது எது என்று பிரித்துப் பார்க்கவே அரை மணி நேரம் போய்விடும்.

அப்பாச்சி, அதாவது சைட்டின் பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் மென்பொருள், வாய் பேசும் சர்வர். ஒன்றைச் செய்ய முடியவில்லை என்றால் ஏன் என்பதைப் பெரும்பாலும் லாக் என்ற தன் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதி வைத்துவிடும். எதுவும் எழுதவில்லை என்றால் அந்த மௌனத்திலும் ஒரு துப்பு இருக்கும். அதைப் படிக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

உபுண்டு அல்லது டெபியனில் அப்பாச்சி 2.4 ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். ரெட் ஹேட் குடும்பத்தில் இதே சர்வருக்கு எச்டிடிபிடி என்று பெயர். ஃபைல்கள் இருக்கும் இடமும் வேறு, ஆனால் யோசிக்கும் விதம் ஒன்றுதான். போனில் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டதால் கட்டளைகளையும் உச்சரிப்பாகவே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பேரெழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்வேன்.

படி 1: உயிரோடு இருக்கிறதா?

சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அப்பாச்சி2

பச்சையில் 'ஆக்டிவ்' என்று வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். 'ஃபெயில்ட்' என்று வந்தால் அதற்குக் கீழே உள்ள வரிகளைப் படியுங்கள். புதியவர்கள் அதிகமாக மாட்டுவது ஏஎச்00072 என்ற குறியீட்டில்: வெப் கோரிக்கைகள் வந்து சேரும் 80ஆம் போர்ட்டை ஏற்கெனவே வேறு யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று பார்க்க 'சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி' போதும். முன்பு எப்போதோ ஆசைப்பட்டு நிறுவி மறந்துபோன என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர்தான் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருக்கும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள்.

ஏஎச்00558 என்று ஒன்றும் வரும். சர்வரின் முழுப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அப்பாச்சி முனகுகிறது, அவ்வளவுதான். இதனால் எந்த சைட்டும் நிற்காது. கண்ணை உறுத்தினால் அப்பாச்சி2.கான்ஃப் ஃபைலின் கடைசியில் 'சர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட்' என்று ஒரு வரி சேருங்கள்.

படி 2: லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு தவறைத் திரும்பச் செய்யுங்கள்

இரண்டாவது டெர்மினல் ஒன்றைத் திறந்து:

சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/அப்பாச்சி2/எரர்.லாக்

அதை அப்படியே விட்டுவிட்டு, பிரவுசரில் பழுதான பக்கத்தை மீண்டும் திறங்கள். அந்த நொடியில் லாக்கில் புதிதாக விழும் வரிதான் நமக்கு வேண்டியது. மேலே இருக்கும் ஆயிரம் வரிகளும் வேண்டாம். சைட்டுக்கென்று தனி எரர் லாக் வைத்திருந்தால் அந்த ஃபைலைப் பாருங்கள். இதைக் கவனிக்காமல் காலியான லாக்கையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

பிரவுசரை ரொம்ப நம்ப வேண்டாம். 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பலை ஒரு முறை பார்த்துவிட்டால் அது மனப்பாடம் செய்துகொள்ளும். நீங்கள் சர்வரில் திருத்திய பிறகும் பழைய முகவரிக்கே ஓடும். டெர்மினலில் 'கர்ல் -ஐ' போட்டு (இந்த 'ஐ' பேரெழுத்து) பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் சர்வர் சொல்லும் எண் கலப்படமில்லாமல் கிடைக்கும். சோதிக்கும்வரை விதிகளில் 301க்குப் பதில் 302 (தற்காலிகத் திசைதிருப்பல்) வைத்துக்கொள்வது நல்லது.

படி 3: எதைத் தொட்டாலும் முதலில் இலக்கணச் சோதனை

சூடோ அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்

'சின்டாக்ஸ் ஓகே' என்று வந்தால் மட்டும் மேலே போங்கள். தவறு இருந்தால் எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று விரல் வைத்துக் காட்டும். தவறு இருப்பது தெரியாமல் ரீஸ்டார்ட் செய்தால் ஓடிக்கொண்டிருந்த சர்வர் நின்றுவிடும், திரும்ப எழாது. அந்தச் சர்வரில் உள்ள மற்ற சைட்டுகளும் சேர்ந்தே விழும். கான்ஃபிக் மாற்றத்துக்கு 'ரீலோட்' போதும். மாட்யூலை (அப்பாச்சியில் கூடுதல் வேலைக்காக ஏற்றும் துணைப்பகுதி) சேர்த்தாலோ எடுத்தாலோ ரீஸ்டார்ட்.

ஒரு விஷயம் கவனம்: இந்தச் சோதனை .எச்டிஆக்சஸ் ஃபைல்களை (சைட்டின் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும் அமைப்பு ஃபைல்கள்) பார்க்காது. அவற்றை அப்பாச்சி ஒவ்வொரு கோரிக்கையின்போதும் படிக்கிறது. அதனால் இங்கே ஓகே வந்தும் பக்கத்தில் 500 (சர்வருக்குள் பிழை) வரலாம்.

படி 4: அந்த 404

இப்போது தம்பியின் பிரச்சினைக்கு வருவோம். வேர்ட்பிரஸ் சைட், அழகான முகவரிகள் வேண்டும் என்று பெர்மாலிங்க் அமைப்பை மாற்றியிருக்கிறார். முகப்பு வருகிறது, உள்பக்கங்கள் 404.

முகப்புக்கு உண்மையிலேயே ஒரு இன்டெக்ஸ்.பிஎச்பி ஃபைல் இருக்கிறது. 'எங்களைப்பற்றி' என்ற பக்கத்துக்கு அப்படி எந்த ஃபைலும் ஃபோல்டரும் டிஸ்க்கில் கிடையாது. "இல்லாததை யாராவது கேட்டால் இன்டெக்ஸ்.பிஎச்பியிடம் அனுப்பு" என்று .எச்டிஆக்சஸில் ஒரு விதி எழுதியிருக்கும். அந்த விதி வேலை செய்ய இரண்டு கதவு திறந்திருக்க வேண்டும்: முகவரியை மாற்றி எழுதும் மாட்_ரீரைட் என்ற மாட்யூல் ஏறியிருக்க வேண்டும், .எச்டிஆக்சஸைப் படிக்க அப்பாச்சிக்கு அனுமதி இருக்க வேண்டும்.

எரர் லாக்கைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சும்மா இல்லாத ஃபைலைக் கேட்டதை அப்பாச்சி வழக்கமான அளவில் எரர் லாக்கில் எழுதாது. வந்த கோரிக்கைகளைக் குறித்து வைக்கும் ஆக்சஸ் லாக்கில் 404 என்ற எண் மட்டும் இருக்கும். ஆக, இங்கே மௌனம்தான் துப்பு. விதி தவறாக ஓடவில்லை, விதியே ஓடவில்லை.

எந்தக் கதவு மூடியிருக்கிறது? எனக்குப் பிடித்த ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. .எச்டிஆக்சஸின் முதல் வரியில் 'கத்தரிக்காய்' என்று ஆங்கில எழுத்தில் தட்டிச் சேமித்துவிட்டு, பக்கத்தைத் திறங்கள். 500 வந்தால் அப்பாச்சி அந்த ஃபைலைப் படிக்கிறது. கத்தரிக்காய் என்றொரு கட்டளை தெரியாது என்று லாக்கிலும் புலம்பியிருக்கும். முகப்பு சாதுவாக வந்தால் ஃபைலை அது திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்த கையோடு அந்த வரியை அழித்துவிடுங்கள். வாசகர்கள் நடமாடும் சைட்டில் கத்தரிக்காயோடு டீ குடிக்கப் போகாதீர்கள்.

முகப்பு சாதுவாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்பாச்சி 2.4இல் அலவ்ஓவர்ரைட் என்ற அமைப்பு இயல்பாகவே 'நன்' என்றுதான் இருக்கும், அதாவது .எச்டிஆக்சஸை மதிக்காதே என்று அர்த்தம். /ஈடிசி/அப்பாச்சி2/சைட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் உங்கள் சைட்டின் .கான்ஃப் ஃபைலைத் திறந்து, விர்ச்சுவல்ஹோஸ்ட் (ஒரு சைட்டுக்கான அமைப்புகள்) பகுதிக்குள் இப்படிச் சேருங்கள்:

<டைரக்டரி /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/கடை>
அலவ்ஓவர்ரைட் ஆல்
</டைரக்டரி>

'கடை' என்ற இடத்தில் உங்கள் ஃபோல்டரின் பெயர் வரும். டாக்குமென்ட்ரூட் வரியில் உள்ள பாதையும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே சறுக்கினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, பழைய 404தான் வரும். பிறகு கான்ஃபிக்டெஸ்ட், ரீலோட்.

இப்போதும் 404 என்றால் மாட்யூலைப் பாருங்கள்:

சூடோ அப்பாச்சி2சிடிஎல் -எம்

இந்த 'எம்' பேரெழுத்து. வரும் பட்டியலில் 'ரீரைட்_மாட்யூல்' இல்லையென்றால்:

சூடோ ஏ2என்மாட் ரீரைட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அப்பாச்சி2

ஏ2என்மாட் என்பது ஏ, 2, என்மாட் மூன்றும் இடைவெளியில்லாமல். அது மந்திரம் எதுவும் செய்வதில்லை. மாட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் கிடக்கும் ரீரைட்.லோட் ஃபைலுக்கு மாட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டரிலிருந்து ஒரு இணைப்பு போடுகிறது, அவ்வளவுதான். கழற்ற ஏ2டிஸ்மாட். சைட்டுகளுக்கு இதே ஜோடி ஏ2என்சைட், ஏ2டிஸ்சைட். சைட் ஃபைலின் பெயர் .கான்ஃப் என்று முடியவில்லை என்றால் அப்பாச்சி அதைச் சீண்டாது.

மாட்யூல் இல்லாதபோதே 500 வந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வேர்ட்பிரஸ் எழுதும் விதிகள் 'இஃப்மாட்யூல்' என்ற உறைக்குள் இருக்கும். மாட்யூல் இருந்தால் செய், இல்லாவிட்டால் பேசாமல் போ என்று அதற்குப் பொருள். ஊரெல்லாம் நல்ல பழக்கம் என்று சொல்லும் இந்த உறை, பழுது பார்ப்பவனுக்கு எதிரி என்பது என் கட்சி. மாட்யூல் இல்லாமல் சைட்டே ஓடாது என்றால், இல்லாதபோது சத்தம் போட்டு விழுவதுதானே நல்லது? உறையைக் கழற்றிப் பாருங்கள்: 'இன்வேலிட் கமாண்ட் ரீரைட்என்ஜின்' என்று லாக்கில் பளிச்சென்று வரும்.

இரண்டு கதவும் திறந்தும் விதி தப்பாகப் போகிறது என்றால், சைட்டின் கான்ஃபிக்கில் 'லாக்லெவல் வார்ன் ரீரைட்:ட்ரேஸ்3' என்று போட்டு ரீலோட் செய்யுங்கள். எந்த முகவரி எந்த விதியில் பொருந்தி எதுவாக மாறியது என்று ஒவ்வொரு அடியையும் லாக் எழுதும். பழைய கட்டுரைகளில் வரும் 'ரீரைட்லாக்' 2.4இல் கிடையாது. .எச்டிஆக்சஸில் ஓடிய விதியை நேரே விர்ச்சுவல்ஹோஸ்ட்டுக்குள் தூக்கி வைத்தவர்கள் இங்கேதான் விழிப்பார்கள்: அங்கே பொருத்திப் பார்க்கும் முகவரி சாய்கோட்டோடு தொடங்கும், .எச்டிஆக்சஸில் அந்த முதல் சாய்கோடு வெட்டப்பட்டிருக்கும்.

படி 5: 403 என்ற ஒரே எண்ணுக்கு மூன்று முகம்

403 என்றால் அனுமதி இல்லை என்று பொருள். பிரவுசரில் மூன்றும் ஒன்று போலத் தெரியும். லாக்கில் வேறு வேறு.

ஏஎச்01630 வந்தால் தடுப்பது கான்ஃபிக். /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ தவிர்த்த வேறு இடத்தில் சைட்டை வைத்தால், 'ரிக்வயர் ஆல் கிரான்டட்' என்று நாமே அனுமதி எழுதித் தர வேண்டும். 'ஆர்டர் அலவ், டினை' என்று தொடங்கும் வரிகளை யாராவது ஒட்டச் சொன்னால் அது 2.2 காலத்துப் பாடம். 2.4 வந்தது 2012இல். இரண்டையும் கலக்காதீர்கள்.

ஏஎச்01276 வந்தால் ஃபோல்டரில் இன்டெக்ஸ் ஃபைல் இல்லை. அல்லது பேரெழுத்தில் பெயர் வைத்திருக்கிறீர்கள்.

ஏஎச்00035 லினக்ஸ் பர்மிஷன். இதில் நானே ஓர் இரவைத் தொலைத்திருக்கிறேன். சைட்டை ஹோம் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு, இன்டெக்ஸ் ஃபைலின் பர்மிஷனை 644, 755, கடைசியில் வெட்கத்தை விட்டு 777 என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஃபைலில் ஒரு குறையும் இல்லை. உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் ஃபோல்டர் 750ஆகத்தான் உருவாகிறது, வெளியாள் உள்ளே நுழைய முடியாது. அப்பாச்சி அங்கே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பெயரில் ஓடும் வெளியாள். அறைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வாசல் கேட்டைப் பூட்டிவைத்த கதை. பாதையில் எந்தக் கேட் பூட்டியிருக்கிறது என்று பார்க்க:

நேம்ஐ -எல் /ஹோம்/உங்கள்பெயர்/கடை/இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்

வேரிலிருந்து ஃபைல்வரை ஒவ்வொரு ஃபோல்டரின் பர்மிஷனும் வரிசையாக வரும். கடைசி மூன்றெழுத்தில் 'எக்ஸ்' இல்லாத ஃபோல்டரில் சந்தேகம் வையுங்கள். ஹோமைத் திறந்துவிடுவதைவிட சைட்டை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்குக் குடிமாற்றுவதே நிம்மதி.

படி 6: மற்ற மாட்யூல்கள், சுருக்கமாக

ப்ராக்ஸி (கோரிக்கையை வேறு சர்வருக்குக் கடத்தும் ஏற்பாடு) வைத்தும் 500 வந்து, லாக்கில் ஏஎச்01144 இருந்தால், ப்ராக்ஸி மாட்யூலை மட்டும் ஏற்றிவிட்டு ப்ராக்ஸி_எச்டிடிபியை மறந்திருக்கிறீர்கள். முதலாவது மேஸ்திரி, இரண்டாவதுதான் வேலைக்காரர்.

பிஎச்பி கோடு அப்படியே எழுத்தாகத் திரையில் கொட்டினால் அதை இயக்க யாரும் இல்லை. எஃப்பிஎம் (பிஎச்பியை இயக்கும் தனிச் சேவை) வழியாக ஓட்டுவதென்றால் ப்ராக்ஸி_எஃப்சிஜிஐயை ஏற்றி, பிறகு ஏ2என்கான்ஃப் கட்டளையால் உங்கள் பிஎச்பி பதிப்பின் எஃப்பிஎம் கான்ஃபிக்கை இயக்குங்கள். உபுண்டு 22.04இல் அது 8.1, 24.04இல் 8.3. எல்லாம் சரியாக இருந்தும் 503 வந்தால் எஃப்பிஎம் சேவை படுத்திருக்கும். படி 1ஐ அதன் பெயரில் செய்து பாருங்கள்.

வேறு சைட்டின் பக்கம் வருகிறதா? 'அப்பாச்சி2சிடிஎல் -எஸ்', பேரெழுத்து எஸ். எந்தப் பெயருக்கு எந்த ஃபைல் பதில் சொல்கிறது என்று காட்டும். யாருக்கும் பொருந்தாத பெயர் வந்தால் முதலில் ஏறிய சைட்டுக்குப் போகும். இயல்பாக வரும் சைட்டின் பெயர் 000 என்று தொடங்குவதே அது வரிசையில் முதலில் நிற்கத்தான்.

எழுந்து போகும் முன் ட்ரேஸ்3 வரியை எடுத்தீர்களா? அதை விட்டுவைத்தால் லாக் ஊதி டிஸ்க்கை நிரப்பிவிடும். அவசரத்தில் கொடுத்த 777 எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 என்று திருப்பிவிடுங்கள். அப்புறம் இன்னொரு தரம் கான்ஃபிக்டெஸ்ட், ரீலோட். கத்தரிக்காயையும் ஒரு முறை தேடிவிடுங்கள்.