கிருஷ்ணமூர்த்திக்கு எத்தன எழுத்து? தமிழ் டேட்டாவோட கோட் எழுதுறவங்களுக்கு

நான் பண்ணுன ஒரு ஃபார்ம்ல பேருக்கு 12 கேரக்டர் லிமிட் வச்சிருந்தேன், டெஸ்ட் பண்ணப்போ கிருஷ்ணமூர்த்தின்னு அடிச்சா பேரு நீளம்னு திட்டுது. எண்ணிப் பாருங்க, 8 எழுத்துதான். ஆனா பைத்தான்ல நீளம் எண்ணுற லென் (len) போட்டா 15 வரும், ஜாவாஸ்கிரிப்ட்லயும் அதே 15, ஏன்னா இகர, உகரக் குறி, புள்ளி எல்லாத்தையும் யூனிகோட் தனித்தனியா எண்ணுது, அத பைட்டா மாத்தி சேவ் பண்ற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக மொத்தம் 45 பைட்.

நம்ம கண்ணுக்குத் தெரியுற எழுத்த எண்ணணும்னா பைத்தான்ல கூடவே வர்ற ஆர்ஈ (re) மாட்யூல் உதவாது, பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற பிப்ல (pip) ரீஜெக்ஸ்னு (regex) தனியா ஒண்ணு இருக்கு, அத இன்ஸ்டால் பண்ணி ஃபைண்ட்ஆல்ல பேக்ஸ்லாஷ் போட்டு பக்கத்துல பெரிய எக்ஸ் குடுங்க, 8 வரும். ஜாவாஸ்கிரிப்ட்ல இதுக்கு இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கு, அதுல கிரானுலாரிட்டிய கிராஃபீம்னு, அதாவது கண்ணுக்குத் தெரியுற எழுத்துன்னு, குடுங்க. க்ஷ, ஸ்ரீ ரெண்டையும் இதுவும் ரெண்டு ரெண்டு எழுத்தாதான் எண்ணும், அத விட்ருங்க. ஸ்ட்ரிங்க ரிவர்ஸ் பண்றதா இருந்தாலும் இப்படி பிரிச்சிட்டு திருப்புங்க, நேரா திருப்புனா "தமிழ்"ல மகரத்தோட இகரக் குறி போய் ழகரத்துல ஒட்டிக்கும்.

அடுத்தது சர்ச், இதுலதான் எனக்கு அரை நாள் போச்சு. "கொ"வ ரெண்டு விதமா சேவ் பண்ணலாம், ஒகரக் குறி ஒரே கேரக்டரா இருக்கலாம், இல்ல எகரக் கொம்பும் காலும் தனித்தனியா இருக்கலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணுதான், கம்பேர் பண்ணா ஃபால்ஸ். அதனால உள்ள வர்ற எல்லா டெக்ஸ்ட்டையும் சேவ் பண்றதுக்கு முன்னாடியே என்எஃப்சில (NFC, பிரிஞ்ச குறிகள ஒரே கேரக்டரா சேக்குற யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் பண்ணிடுங்க, சர்ச் பாக்ஸ்ல அடிக்கிறதையும் சேத்துதான். ஆனா ஔவையார்ல ஔவுக்கு பதிலா ஒ, ள ரெண்டையும் தனியா அடிச்சு வச்சிருந்தா என்எஃப்சி ஒண்ணும் பண்ணாது, அத நீங்களேதான் ரீப்ளேஸ் பண்ணணும்.

பைத்தான்ல ஜேசான் (JSON) டம்ப் பண்ணா தமிழுக்கு பதிலா பேக்ஸ்லாஷும் நம்பருமா வருதா? என்ஷூர் ஆஸ்கிய (ensure_ascii) ஃபால்ஸ் ஆக்குங்க. சிஎஸ்வி ஃபைல எக்ஸெல்ல டபுள் கிளிக் பண்ணா கொத்து பரோட்டா மாதிரி தெரியுதா, எழுதும்போது என்கோடிங்க யூடிஎஃப்-8-சிக்னு (utf-8-sig) குடுங்க, ஃபைலுக்கு முன்னாடி இது யூடிஎஃப்-8னு காட்டுற 3 பைட் சேரும், எக்ஸெல் புரிஞ்சுக்கும். திரும்பப் படிக்கும்போதும் அதே என்கோடிங்தான், இல்லன்னா மொத காலம் பேருல கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரக்டர் ஒட்டிக்கிட்டு கீ எரர் அடிக்கும்.