மரை போடும் ஜிக் நேராக இருக்கிறதா? சோதிப்பது எப்படி?

துளைக்குள் மரை வெட்டும் கருவியான கை டேப் சாய்ந்து இறங்கினால் போல்ட்டும் சாய்ந்துதான் நிற்கும். அதற்காகத்தான் ஜிக்: டேப்பை நேராக இறக்கிவிடும், துளையுள்ள இரும்புக் கட்டை. அந்தக் கட்டையே கோணலாக இருந்தால் எல்லா மரையும் கோணல்தான். கடையில் வாங்கியதோ, நாகர்கோவில் லேத் பட்டறையில் செய்வித்ததோ, முதல் வேலைக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

தேவையானவை: 12 மி.மீ. தடிமன் எம்.எஸ். (மென் இரும்பு) பிளேட் துண்டு, எம்8×1.25 (8 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி) டேப் செட், 6.8 மி.மீ. டிரில் பிட், 100 மி.மீ. ஃபுல் திரெட் போல்ட், மூலைமட்டம், சி கிளாம்ப்.

முதலில் டேப்பை ஜிக் துளையில் விட்டு ஆட்டிப் பாருங்கள். கட்டை 25 மி.மீ. உயரம், டேப்புக்கும் துளைக்கும் இடைவெளி 0.1 மி.மீ. என்றால், 100 மி.மீ.க்கு 0.4 மி.மீ. சாய்வுதான் வரும். உயரம் 12, இடைவெளி 0.5 என்றால் அது 4 மி.மீ.யைத் தாண்டும். குட்டையான ஜிக் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, பிளேட்டில் 6.8 மி.மீ. துளை போட்டு, விளிம்பை லேசாகச் சீவுங்கள். ஜிக்கைத் துளைமேல் வைத்து, டேப்பை இறக்கி மையம் பார்த்த பிறகே கிளாம்பை முறுக்க வேண்டும். எண்ணெய் விட்டு நான்கு சுற்று போனதும் ஜிக்கை எடுத்துவிடலாம். இனி மரையே வழிகாட்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பாவிட்டால் பிசிறு அடைத்து டேப் முறியும்.

இப்போது போல்ட்டைத் திருகி, மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். மரைக்குள் போல்ட் சற்று ஆடும். இருபுறமும் தள்ளி நடுநிலையைக் கணக்கில் எடுங்கள். நுனியில் 0.5 மி.மீ.க்குள் இடைவெளி இருந்தால் நல்ல ஜிக்.

அதிகம் சாய்ந்தால் உடனே ஜிக்கைக் குறை சொல்ல வேண்டாம். ஜிக்கைக் கவிழ்க்காமல் 180 டிகிரி சுற்றித் திருப்பி வைத்து, பக்கத்தில் இன்னொரு துளைக்கு மரை போடுங்கள். சாய்வும் எதிர்ப்பக்கம் மாறினால் குறை ஜிக்கில். அதே பக்கம் சாய்ந்தால் துளையே சாய்வு: டிரில் மெஷின் மேசை பிட்டுக்குச் செங்குத்தாக இல்லை. ஜிக் குறை என்றால், துளையை மையமாக வைத்து லேத்தில் அடிப்பக்கத்தை ஃபேஸிங் (தட்டையாகச் சீவுதல்) செய்யச் சொல்லுங்கள். அரத்தால் ராவினால் கோணல் கூடும்.

வெட்டும்போது தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் துடைக்காமல் விட்டால் பிசுக்காகும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று டேப்பை விரைவில் துருவேற்றும். வேலை முடிந்ததும் துடைத்து மெஷின் ஆயில் பூசி, மூடிய டப்பாவில் வையுங்கள்.